ஜன்னல் கம்பியின் சூடு

பலகையில் கணக்கை எழுதிக்கொண்டே வந்த நேசமணி சார், 'ஆரம்ப வெப்பநிலை' என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, வெயில் விழும் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துப் பார்க்கிறார். "முப்பது டிகிரி, சாரே!" என்று பின்வரிசை கத்துகிறது. பாறசாலை டுட்டோரியலில் சில வாரமாக இதுதான் நடக்கிறது. அடுத்த அறையில் ஆங்கிலம் நடத்துகிற எனக்கு ஓலைத்தட்டி வழியாக எல்லாம் கேட்கும், இடுக்கில் தெரியவும் செய்யும்.

இரும்பைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? நிறையையும் தன்வெப்பத்தையும் வெப்பநிலை உயர்வையும் பெருக்கு, அவ்வளவுதான். "இதில என்னலே பெரிய வித்தை? பெருக்கத் தெரிஞ்சா போரும்" என்பார். முன்பெல்லாம் அவருடைய இரும்பு எப்போதும் முப்பதில்தான் தொடங்கும். அதுதானே நம்மூர்ச் சூடு. மழை கொட்டினாலும் முப்பதுதான். அந்த விஷயத்தில் மனிதர் பெரிய பிடிவாதக்காரர்.

மகன் வேதமாணிக்கத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு வரவே இல்லை. நிலச் சீர்திருத்தச் சட்டத்தில், குடியிருந்த பத்து சென்ட் சொந்தமாகப் பதிந்து கிடைத்த குடும்பத்தில் முதல் எஞ்சினீயர் ஆகப்போவது அவன்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார் சார். ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும், "நீ கம்பி சுமக்கத்தான் கொள்ளாம், வேற ஒண்ணுக்கும் ஆவாது" என்று சொல்லிவிட்டார். வாய் சும்மா இருந்திருக்கலாம். பையன் குவைத்துக்குப் போய்க் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறான். அப்பாவுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

அவனோடு வேலை செய்யும் சோமன் விடுப்பில் வந்தபோது, "அங்க உச்சிக்குக் கம்பியத் தொட ஒக்காது சாரே. கை பொள்ளிப்போவும். அவன் கையில சாக்கு சுத்திட்டாக்கும் கெட்டுவான்" என்றான். அன்றிலிருந்துதான் சாருக்கு முப்பது என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று வகுப்பு நடுவில், குவைத்துக்குத் திரும்புகிற சோமன் சொல்லிக்கொண்டு போக டுட்டோரியல் வாசலுக்கு வந்தான். நானும் எட்டிப் பார்த்தேன். சார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்தும் தன் மெல்லிய பாலராமபுரம் கைத்தறி வேட்டியை நீளநீளமாகக் கிழித்துச் சுருட்டி வைத்திருந்தார். "மக்கா, இத அவனுக்குக் குடு. சாக்கு உறுத்தும்லா?"

சோமன் கை நீட்டவில்லை. "அப்பா எது தந்தாலும் வாங்கப்பிடாதுன்னு சொல்லியாக்கும் விட்டான், சாரே."

எனக்கு அந்தப் பையன்மேல் கோபம் வந்தது. சாரின் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவர் துணிச்சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார். பலகையில் கணக்கு பாதியில் நின்றது. "முப்பது, சாரே!" என்றார்கள் பிள்ளைகள். ஜன்னலுக்குப் போய் வெறுங்கையால் கம்பியைப் பிடித்தார். மணி அடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.