அரைக் கட்டை கீழே

எங்கள் மகள் பிறக்கும்போதே அவளுடைய இதயத்தில் ஓட்டை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் எடை கூடட்டும், பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். எடை கூடவில்லை. குப்புற விழுவதற்கு முன்பே போய்விட்டாள். மலேசியாவில், கோல சிலாங்கூர் பக்கம் என் அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தின் இடுகாட்டில் அவளைப் புதைத்துவிட்டு, நானும் என் மனைவியும் ரவாங்கில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குத் திரும்பினோம். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம்.

இருவரும் ஒரே ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவள் ரேடியோ பாகங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் லைனில் இருந்தாள். நான் மெஷின்களைப் பழுதுபார்ப்பவன். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி என்னை ஒரு வருடப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியிருந்தது. அங்கே குளிரில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வழி தெரியாமல், விடுதிக்கு எதிரே இருந்த மண்டபத்தில் நடந்த ஷாகுஹாச்சி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஷாகுஹாச்சி அவர்களுடைய மூங்கில் குழல். நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிப்பதில்லை. நாதஸ்வரம் போல நேராகப் பிடித்து, மேல் விளிம்பில் உதட்டைப் பதித்து ஊத வேண்டும். ஐந்தே துளைகள். முதல் மாதம் எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் விடவில்லை. ஊர் திரும்பும்போது ஒரு குழலை வாங்கிக்கொண்டு வந்தேன். வேலை முடிந்து வந்ததும் ஊதுவேன். என் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில், இன்னும் கொஞ்சம் பெரிதாக ஊதுங்கள், இவளுக்கும் கேட்கட்டும் என்று சமையலறையிலிருந்து சொல்வாள். பெண்தான் என்று அப்போதே முடிவு செய்திருந்தாள்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் குழலை எடுத்தேன். நாலு மூச்சுக்கூட ஊதியிருக்க மாட்டேன். அவள் வந்து கதவருகே நின்றாள்.

“என்னங்க, இனிமே வீட்டுல அத ஊதாதீங்க.”

“ஏம்மா?”

“புள்ள அழுவுற மாதிரியே இருக்கு.”

அவள் சொன்னது உண்மை. எங்கள் பிள்ளைக்கு வாய்விட்டு அழத் தெம்பு கிடையாது. அவளுடைய அழுகையில் சத்தத்தைவிடக் காற்றே அதிகம். நான் குழலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அடுத்த மாதம் அவள் லீவு போட்டுவிட்டு, கலும்பாங்கில் தன் அப்பாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

குழலைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்குப் பின்னால், காலிப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்று ஊதுவேன். அப்படி ஊதிக்கொண்டிருந்த ஒரு நாள் எங்கள் சீன இன்ஜினியர் ஒருவர் வந்து நின்று கேட்டார். மீனவர் ஊரான செகிஞ்சான்காரர், அதிகம் பேசாதவர். அவர் செல்லோ என்னும் பெரிய வயலின் வாசிப்பவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கோல சிலாங்கூரில் ஒரு தோட்ட பங்களாவில் சனிக்கிழமைதோறும் மூன்று பேர் கூடி ஐரோப்பாவின் பரோக் இசையை வாசிக்கிறோம், புல்லாங்குழல் வாசித்தவர் நாடு திரும்பிவிட்டார், நீ வருகிறாயா என்று மலாயில் கேட்டார். அது எனக்குத் தெரியாத இசை என்றேன். எங்களுக்கும்தான் உன் குழல் தெரியாது என்றார் அவர்.

பங்களா தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜருடையது. கூடத்தின் நடுவில் அவர் மனைவி தானே பாகங்களைக் கோத்துச் செய்த ஹார்ப்சிகார்ட் இருந்தது. பியானோ போல இருக்கும், ஆனால் உள்ளே தந்திகளை மீட்டி ஒலிப்பது. வயலின் வாசித்தவர் கான்வென்ட் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர். அவர்கள் எல்லா வாத்தியங்களையும் இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை இறக்கிக் கட்டியிருந்தார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே அப்படித்தான் வாசித்தார்களாம். தந்திகள் அவ்வளவு இழுபடாததால் நாதம் மெத்தென்று இருந்தது.

என் குழல் அவர்களுக்கு அரைக் கட்டை மேலே நின்றது. தாடையைத் தாழ்த்தி ஊதினால் சுருதி இறங்கும். ஆனால் இறங்கிய ஸ்வரம் வாய்க்குள் துணியை அடைத்தது போல மங்கிவிடும். பாட்டு முழுவதையும் அப்படி ஊத முடியாது. மேனேஜரின் மனைவி எனக்காகத் தங்கள் சுருதியை ஏற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏனென்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அந்தத் தாழ்ந்த சுருதியைக் கேட்டபோது, மகள் போனபின் முதல் தடவையாக என் தோள்கள் இறங்கின. அதைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் நீளமான குழல் இருந்தால் அவர்களுடைய சுருதிக்குச் சரியாக வரும். அது இங்கே எங்கே கிடைக்கும்? நானே செய்ய முடிவு செய்தேன்.

மனைவியைப் பார்க்கக் கலும்பாங்குக்குப் போனேன். அவள் அப்பா, என் மாமா, ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதர்கள் இருந்தன. வேரோடு ஒரு மூங்கில் வேண்டும் என்றதும் அவர் ஏனென்று கேட்காமல் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு தண்டுகளைத் தோண்டி எடுத்தோம். காய்வதற்காக விறகடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் அவள் என்னோடு பேசியது, சாப்பிட்டீங்களா என்ற ஒரு கேள்விதான்.

மாதக்கணக்கில் காய்ந்தது. வாரம் ஒரு முறை நான் போவேன். ஒரு தண்டு பிளந்துவிட்டது. இன்னொன்று நேராக, எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் காய்ந்து வந்தது. அதிசயமாக இருக்கிறதே என்று மாமாவிடம் சொன்னேன்.

“எம் மகதான் தினமும் திருப்பி விடுது மாப்ள,” என்றார். “காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது.”

நான் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

கணுக்களைக் குடைந்து, துளை போட்டு, செகிஞ்சான்காரர் கொண்டுவந்த மீன்பிடி நூலால் பிளக்காமலிருக்க இறுக்கிக் கட்டினேன். இரண்டு ஸ்வரங்கள் கடைசிவரை சரியாக வரவில்லை. மற்றவை அவர்களோடு சேர்ந்து நின்றன.

அந்த வருடக் கடைசியில் தோட்டம் கைமாறியது. மேனேஜர் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பங்களாவில் கச்சேரி வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிலரும், தோட்டத்து ஆபீஸ் கிராணி குடும்பமும், கான்வென்ட் பிள்ளைகளும் வந்தார்கள். நான் கலும்பாங்கில் சொல்லி மட்டும் வைத்திருந்தேன். மாமாவும் அவளும் பஸ் மாறி மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஹார்ப்சிகார்ட் இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டது. எல்லோரும் அதன் சுருதிக்கு இறங்கினோம். மெதுவான பகுதியில் குழல் தனியாக மேலே போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே என் மூச்சு ஒரு முறை அறுந்தது. செகிஞ்சான்காரர் வில்லை நீட்டி இழுத்து எனக்காகக் காத்திருந்தார்.

முடிந்ததும் அவள் வெளியே மரத்தடியில் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“இது அவ சத்தம் இல்ல,” என்றாள்.

“ஆமா. இது கீழ.”

கீழே விழுந்திருந்த இலை ஒன்றை எடுத்து மடித்தாள். பிறகு, “அவ சத்தம் எனக்கு மறந்துகிட்டே வருதுங்க,” என்றாள். “ஊதாதீங்கன்னு சொன்னேன். இப்ப நெனச்சுப் பாத்தா வர மாட்டேங்குது.”

அன்று அவள் கலும்பாங் பஸ்ஸில் ஏறவில்லை. மாமா மட்டும் போனார். நாங்கள் மோட்டார்சைக்கிளில் ரவாங் போய்ச் சேர்ந்தபோது இருவரும் நனைந்திருந்தோம். தலையைத் துவட்டிவிட்டு அவளே அலமாரியிலிருந்து பழைய குழலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். ஊதினேன். இடுகாட்டில்கூட அழாதவள் அன்று தரையில் உட்கார்ந்து அழுதாள். நிறுத்தலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

மேனேஜர் குடும்பம் போனதும் கூட்டம் கலைந்தது. ஹார்ப்சிகார்ட்டைப் பலகைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். டீச்சர் மறு வருடம் இறந்துபோனார். செகிஞ்சான்காரர் பினாங்குக்கு மாற்றலாகிப் போனார். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

கச்சேரிக்குப் பிறகு அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா என்று கேட்டாளாம். சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

“நீ என்ன சொன்ன?”

“ஒன்னுன்னு சொன்னேன்.”

அதிலிருந்து யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்கிறேன்.