தகரப்பேணிக்கு யார் பதில் சொல்வது

அமீரகத்துப் புஜைராவில் எண்ணெய்த் தாங்கி யார்டில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் மகேசன் எதையும் லேசில் நம்பமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் கோப்பையின் மேல்தான் போகும். மற்றவர்களுக்குத் தந்த மாதிரியே தனக்கும் தருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பார். புதிதாக அறிமுகமாகும் யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது, "ஊரில எந்தப் பக்கம்?" என்று இழுத்தால் போதும், பற்றிக்கொண்டு வரும். சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வி அது. கடல் தாண்டி வந்தும் இந்த மூக்குகளுக்கு வேறு வேலை கிடையாதா?

அவரைக் குறை சொல்ல முடியாது. குமுதினியைக் காதலித்துக் கட்டியபோது மாமியார் சாதி பார்த்து அவருக்கு மட்டும் நசுங்கிய தகரப்பேணியில் தேநீர் கொடுத்தார். கல்ஃப் வேலை கிடைத்து முதல் லீவில் போனபோது, விருந்தாளிக்கு எடுக்கும் பித்தளை மூக்குப்பேணி வந்தது. தகரப்பேணி முன்பு ஏன் வந்தது, இப்போது எங்கே போனது, ஒருவரும் மூச்சு விடவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார் என்றால் யார் நம்புவார்? யார்டில் செக்யூரிட்டியாக இருக்கும் உகண்டாக்காரர் ஒகெல்லோதான் கூட்டிப்போனார். வாடகை வில்லாவில் சின்னக் கூட்டம். வழிபாட்டில் பருகும் சடங்குத் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குட்டிப் பிளாஸ்டிக் கப்பில் வந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. மகேசன் அதிலேயே விழுந்துவிட்டார். ஞானஸ்நானம் எடுத்தார். சபை விதிப்படி தேநீரையும் விட்டார்.

"தேத்தண்ணி வேண்டாமெண்ட சாமியை இப்பதான் கேள்விப்படுறன்" என்று, இப்போது அவரோடு புஜைராவில் இருக்கும் குமுதினி நக்கலடித்தாள்.

அடுத்தது குருத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் உரிமை. அந்தச் சபையில் தகுதியுள்ள ஆண் யாருக்கும் தலையில் கைவைத்து அதைக் கொடுப்பார்கள். நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தின வாரம் போனில் எதையோ தேடப்போய் மகேசன் ஒன்றைப் படித்தார். 1978 வரை ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு அந்தக் குருத்துவம் கிடையாது. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கொடுத்து, பிறகு நிறுத்தி, நூறு வருடத்துக்கு மேல் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். பிறகு இறைவெளிப்பாடு வந்ததென்று திறந்தார்களாம். இறைவனுக்கு அதுவரை நேரம் கிடைக்கவில்லையாக்கும்.

மகேசன் நேரே சபைத் தலைவரான அமெரிக்கரிடம் போய்க் கேட்டார். அவர் நல்ல மனிதர்தான், எதையும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் சொன்ன காரணங்களைச் சபை இன்று ஏற்பதில்லை என்றார்.

"அப்படியென்றால் உண்மையான காரணம் என்ன?"

"தெரியாது, பிரதர். இப்போது எல்லாரும் சமம்தானே. அதோடு, அந்தத் தடை உங்கள் நாட்டுக்காரர்களுக்கு இருந்ததில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக மகேசனை உள்ளே இருப்பவர்களோடு சேர்த்து, ஒகெல்லோவை வெளியே விட்டுப் பேசிய பேச்சு அது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் குமுதினி பொரிந்து தள்ளினாள். "பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வாய் வராதாமோ?"

"உன்ர அம்மாவுக்கு வந்ததோ?" என்றார் மகேசன்.

குமுதினி உடனே யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டு, அவருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "அம்மா, அந்த நாளையில இவருக்குத் தகரப்பேணியில தேத்தண்ணி குடுத்தனீங்கள். அது பிழைதானே?"

"இப்ப எல்லாருக்கும் ஒரே பேணிதானே, பிள்ளை. அதையேன் இப்ப கிண்டுறாய்?"

"பிழையோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ."

போன் கட்டானது. குமுதினி கணவர் பக்கம் திரும்பினாள். "அவ சொல்லமாட்டா. நான் சொல்லுறன், பிழைதான்."

மகேசன் சின்னப்பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் குருத்துவத்துக்கு மகேசனின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். மகேசன் எழும்பவில்லை. "அது பிழை என்று முதலில் சொல்லுங்கள். எனக்கில்லை, ஒகெல்லோவுக்கு. பிறகு வருகிறேன்."

தலைவர் பதிலுக்குச் சடங்குப் பாட்டை அறிவித்தார். கொஞ்சம் பொறுத்து, ஏற்கெனவே குருத்துவம் பெற்ற ஒகெல்லோ தண்ணீர்த் தட்டோடு மகேசன் முன்னால் வந்து நின்றார்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மகேசன் மெல்லக் கேட்டார்.

"சேருவதற்கு முன்பே தெரியும். அந்தச் சொல்லுக்கு நீ உட்கார்ந்து காத்திரு, பிரதர். நான் நின்றுகொண்டு காத்திருக்கிறேன்."

மகேசன் தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்தார். அன்று பக்கத்துக்காரர் கப்பைப் பார்க்காமலே குடித்தார்.