மாமா முகம் சுளித்த நாள்

என் அக்கா பாட்டு டீச்சர். அவள் கணவர், எங்கள் மாமா, தையல்காரர். இரண்டு தொழிலும் ஒரே முன்னறையில்தான். துணியைப் போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில், பாடும்போது தாடை இறுகுகிறதா என்று மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாமாவின் அளவு டேப்பை விலாவைச் சுற்றிப் பிடித்து, மூச்சை இழுத்தால் இரண்டு அங்குலமாவது விரியவேண்டும் என்பாள் அக்கா. தோளைத் தூக்கினால் ஸ்கேலால் ஒரு தட்டு.

மூச்சும் சுருதியும் அக்கா பொறுப்பு, தைரியம் மாமா பொறுப்பு. கல்யாணமான புதிதில், அக்கா ஒரு பாட்டை முழுசாகப் பாடி முடித்த பிறகு, எப்போது ஆரம்பிப்பாய் என்று கேட்ட மனிதர் அவர். அதனால் கூச்சப்படுகிறவர்களை முதலில் அவர் முன்னால்தான் பாட வைப்பாள். அவருக்கு ஒன்றும் தெரியாது, பயப்படாதீர்கள் என்று அவர் காதுபடவே சொல்வாள். அவரும் பட்டன் தைத்தபடி எல்லாருக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. தலையாட்டி என்று நானே கேலி செய்திருக்கிறேன், கோபித்துக்கொண்டதில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி பாட்டுக் கற்க வந்தாள். என் வயதுதான், நாற்பது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது, நீ வாயை மட்டும் அசை என்று டீச்சர் சொன்னாராம். அன்று மூடிய வாய். இப்போது ஊரில் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசை. எங்கே ஓடிவிடுவாளோ என்று அக்கா இவளிடம் மட்டும் தப்பு என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை பாடுவோம் என்பாள். சும்மா சொல்கிறீர்கள் என்பாள் இவள். ஐந்து மாதத்தில் குரல் தேறிவிட்டது, மனசு தேறவில்லை.

சனிக்கிழமை தேர்வு. வியாழக்கிழமை மாமா முன்னால் பாடினாள், நானும் இருந்தேன். மேலே ஏறும் ஓரிடத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியது. மாமா முகம் சுளித்தார். ஊசி குத்திவிட்டதோ என்று பார்த்தேன், கையில் ஊசியே இல்லை. கேட்டுக் கேட்டு மனிதருக்குக் காது வந்துவிட்டிருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் பாட்டை நிறுத்திக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். போச்சு, ஐந்து மாத உழைப்பும் போச்சு என்று நினைத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி, "அண்ணா, தப்பா இருந்துச்சா?" என்றாள்.

அக்கா கண்ணாலேயே மிரட்டினாள். மாமா பொய் சொல்லத் தெரியாமல் விழித்தார்.

"அந்த ஒரு இடம் மட்டும் கீழ போயிடுச்சும்மா. மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு."

"மத்ததெல்லாமா?"

"ஆமா."

பையைக் கீழே வைத்தாள். அந்த இடத்தில் மூச்சு தீர்ந்துவிடுகிறது, ஒரு சொல் முன்னதாகவே எடுத்துக்கொள் என்றாள் அக்கா. அவள் மறுபடி பாடினாள். மாமா முகத்தில் சுளிப்பு இல்லை. இப்போது சரியா என்று கேட்டாள். சரி என்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"ஸ்கூல்ல நான் பாடறது முழுக்கத் தப்புன்னாங்க. நீங்க முழுக்க நல்லா இருக்குன்னீங்க. என்னால ரெண்டையுமே நம்ப முடியல டீச்சர்."

பாவம், அக்கா நல்லதுக்குத்தான் செய்தாள்.

சனிக்கிழமை மாமாவும் வரவேண்டும் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தேர்வு செய்கிறவர்கள் மூன்று பேர் முன்னால் இருக்க, அவள் மாமாவின் முகத்தையே பார்த்துப் பாடி, குழுவில் இடம் பிடித்தாள்.