மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை சொல்பவர்கள் எழுந்து சொல்லலாம். தன் தம்பி ஜெய்சனின் இரண்டாம் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தபோது, ரூபாவதி அக்காள் அவனுக்குப் பயந்து இரண்டு ஞாயிறும் தலைகுனிந்தே இருந்தாள். மூன்றாவது ஞாயிறு எழுந்துவிட்டாள்.

"ஐயா, இவன் மொதப் பொண்டாட்டியச் சாகுத நாள் வரைக்கும் அடிச்சான். நான் கண்ணால பாத்தேன்."

"அது தடையில சேராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போதகர் ஓலையை வாசித்து முடித்தார்.

வாசலில் கல்யாணப் பெண்ணின் அப்பா அக்காளை மறித்தார். "நெசமாத்தான் இருக்கும். மொத வாரமே சொல்லதுக்கென்ன? இப்பம் கார்டெல்லாம் குடுத்தாச்சே, தாயி."

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பெண் முந்தானையைக் கன்னம்வரை இழுத்துவிட்டு உட்காருகிறாள்.