ஒரு செங்கல்கூட அசையாது

மைக் அக்கா என்றால்தான் ஊரில் தெரியும். கடைத் திறப்பு, தண்ணீர் நிறுத்தம், காணாமல் போன பிள்ளை, எதுவானாலும் ஆட்டோவில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அவள்தான் தெருத்தெருவாகச் சொல்லிப் போவாள். கணீரென்ற குரல். அவள் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

கவுன்சிலர் ஒரு தேர்தலில் பிரசாரத்துக்கு அவளைப் பிடித்ததும் அதனால்தான். பின்தெருவை ஒட்டிய மைதானத்தில் அடுக்குமாடி வரப்போவதாக அப்போது பேச்சு அடிபட்டது. அவள் வீடும் பின்தெருவில்தான். அதனால் அவர் எழுதிக் கொடுத்ததை வாய் நிறையச் சொன்னாள்: "மைதானம் மைதானமாவே இருக்கும். பின்தெருவுல ஒரு செங்கல்கூட அசையாது. இது உங்க வீட்டுப் பிள்ளையோட வாக்கு."

ஜெயித்த மறுவருஷமே மைதானம் பில்டர் கைக்குப் போனது. அடுக்குமாடிக்குக் கடைக்கால் இறக்கிய இயந்திரம் இடித்த இடியில் பின்தெரு வீடுகளின் சுவர்கள் வாய்பிளந்தன. குடியிருக்க லாயக்கில்லை என்று அதிகாரிகள் எல்லோரையும் கிளப்பினார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது, அதே தெருவில் துணி தேய்க்கிறவள் இவளிடம் வந்தாள். "நீ சொன்னேன்னுதான் ஓட்டுப் போட்டேன்" என்றாள். திட்டியிருந்தால்கூட மைக் அக்கா தாங்கியிருப்பாள்.

நேரே கவுன்சிலரிடம் போய்க் கேட்டாள். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசினதுக்குக் கூலி வாங்கிட்டீங்கல்ல? அப்புறம் என்னக்கா?"

அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

மூன்றாவது மாடியில் ஓர் அறைதான் வாடகைக்குக் கிடைத்தது. அவள் கணவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. ஏற்றிவிட்டதோடு சரி, அந்த மனுஷர் பிறகு படியிறங்கவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தே இளைத்தார். கடைசியில் நாலு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். அன்று அவள் அழவில்லை. அடுத்த தேர்தல் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வந்தது. கவுன்சிலர் திறந்த ஜீப்பில் கைகூப்பியபடி கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, குறுக்குத் தெருவிலிருந்து அவள் ஆட்டோ வந்து முன்னால் சேர்ந்துகொண்டது. வசை இல்லை, சாபம் இல்லை. பழைய பேச்சை ஓர் எழுத்துப் பிசகாமல், அதே ராகத்தில் சொன்னாள். மைதானம் மைதானமாவே இருக்கும். செங்கல்கூட அசையாது. பின்னால் அடுக்குமாடி பாதி வானத்தை மறைத்து நின்றது.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. கவுன்சிலரின் ஆட்கள் ஒயரைப் பிடுங்க வந்தார்கள். துணி தேய்க்கிறவள் போய் அவர்களை மறித்து ஆட்டோவுக்குக் காவலாக நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

மறுநாளும் மைக் அக்கா போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். ஜீப் போன தெருவெல்லாம் அவளும் போனாள். போலீசில் புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னம்மா பேசினே என்று கேட்டதற்கு, கவுன்சிலர் அன்றைக்குப் பேசச் சொன்னதைத்தான் என்றாள். அவர் மீசைக்குள் சிரித்து அனுப்பிவிட்டார்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு கவுன்சிலரே மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

"புதுக் கட்டடத்துல உங்களுக்கு ஒரு வீடு எழுதித் தர்றேன்க்கா. கீழ்வீடாவே தர்றேன். இதோட விட்டுடுங்க."

அவர் நெற்றி வியர்வை தரையில் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு குளிர்ச்சி அவள் வயிற்றில் இறங்கி வெகுநாளாகியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் உசிரோட இறங்காத படி இது" என்றாள். "நீங்க பாத்து இறங்குங்க தம்பி."

அவர் தோற்றார். சொற்ப ஓட்டில் அல்ல, மண்ணைக் கவ்வினார். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, முடிவை நிதானமாக அறிவித்தாள். யாரும் வெளியே வரவில்லை. உள்ளே விளக்கை மட்டும் யாரோ அணைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோக்காரர், இப்போ மனசு ஆறிச்சா அக்கா என்று கேட்டார்.

"ஆறலை. அடுத்த தடவை பொண்டாட்டியை நிறுத்துவான் பாருங்க. அப்பவும் வண்டி வேணும், சொல்லிட்டேன்."

வழியில் ஓரிடத்தில் இறங்கி, தொண்டைக்கு இதமாக வெந்நீர் வாங்கிக் குடித்தாள்.