நான் பிரித்த கெண்டைகள்

எம்.ஃபில். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கெண்டை மீன்கள். ஏரியின் தேங்கிய நீரில் பாசிக்குள் திரியும் கெண்டை அகலமாக, தட்டையாக இருக்கும். ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்குக் கீழே வாய்க்கால் ஓட்டத்தில் எதிர்நீச்சல் போடும் அதன் சொந்தக்காரக் கெண்டை ஒல்லியாக நீண்டிருக்கும். அப்படி ஒரு கருத்து இருந்தது. இரண்டும் அக்கா தங்கையா, ஒரே மீனின் இரண்டு உடம்பா என்பதில் என் பேராசிரியருக்கே சந்தேகம். அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

மீன் பிடித்துத் தந்தவர் சேரப்பணஞ்சேரிக்காரர். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. சில மாதம் வைத்திருப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் விடிந்ததும் வலையோடு கிளம்பிவிடுவார். ஏரி மீனுக்கு ஒரு பக்கெட், வாய்க்கால் மீனுக்கு ஒரு பக்கெட். நான் போய்ச் சேரும்வரை அவர் மனைவி இரண்டுக்கும் தண்ணீர் மாற்றிவைப்பார்.

"இது ஏரி, இது வாய்க்கா. மாறவே மாறாது தம்பி, நீ பயப்படாத" என்பார் அந்த மனுஷன்.

எங்கள் துறையில் மீன் சேகரிக்க உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. இவரையே போட்டுக்கொள்ளலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். "அது மட்டும் கெடச்சா கம்பெனி கேட்ல போய் நிக்க வேணாம்பா" என்று அந்த மனுஷன் என்னிடம் எத்தனை முறை சொன்னாரோ.

பதப்படுத்தும்போது ஒவ்வொரு மீனுக்கும் பென்சிலால் எழுதிய சீட்டைக் கட்ட வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். நான் சோம்பேறிக் கழுதை. ஏரி மீனை ஒரு துணியிலும் வாய்க்கால் மீனை ஒரு துணியிலும் முடிந்து, ஒரே ஃபார்மலின் ஜாடியில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பிவந்து திறந்தால் இரண்டு முடிச்சும் அவிழ்ந்து மீனெல்லாம் கலந்து கிடந்தது. மறுபடி பிடிக்கலாம் என்றால் மழை ஓய்ந்து வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அகலமான மீனையெல்லாம் இடப்பக்கம் போட்டு 'ஏரி' என்று எழுதினேன். ஒல்லியானதையெல்லாம் வலப்பக்கம் போட்டு 'வாய்க்கால்' என்று எழுதினேன். பிறகு ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஏரி மீன் எல்லாமே அகலம்! பெரிய கண்டுபிடிப்பு. வரைபடம் அத்தனை அழகாக வந்தது.

பேராசிரியர் அதை வெகுநேரம் பார்த்தார். "கலங்கல் வழியா ஏரி மீன் கொஞ்சமாவது வாய்க்காலுக்கு இறங்கியிருக்கணுமே. ஒண்ணு கூடவா மாறல? யார் பிரிச்சது?"

"மீன் பிடிக்கிறவர்தான் சார். குண்டா இருந்தா ஏரி, ஒல்லியா இருந்தா வாய்க்கால்னு அவரே பாத்துப் போட்டுட்டார் போல."

வாய் கூசவில்லை எனக்கு. நான் செய்ததை அப்படியே தூக்கி அவர் தலையில் வைத்தேன்.

"அப்ப அந்த ஆள் நமக்கு வேணாம்" என்றார் பேராசிரியர். எனக்கு அடுத்த மழைவரை அவகாசம் கொடுத்தார்.

மீன் பிடித்தவரிடம் போய், மீன் மாறிப்போய்விட்டதாகவும் சார் கோபமாக இருப்பதாகவும் மட்டும் சொன்னேன். மறுவாரமே வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆய்வகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தம்பி, தப்பு எங்க வூட்லதான். நான் தனித்தனியாத்தான் கொண்ணாந்தேன். தண்ணி மாத்தசொல்லோ இவதான் கலந்துட்டுகீறா. இல்லவே இல்லன்னு சாதிச்சா. எனக்கு ஆத்திரம் தாங்கல, ரெண்டு அடி போட்டுட்டேன். அன்னிலேர்ந்து பேச்சே இல்ல, அழுதுகினே கீறா."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் படிப்பு எங்களால கெட்டுப்போச்சேப்பா. சார்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லு. இனிமே பக்கெட்டாண்ட அவள சேக்கவே மாட்டேன்."

"சொல்றேண்ணா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்ப தம்பி" என்றார். நான் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை, அந்த அம்மாவிடமும் சொல்லவில்லை.