சிலுவை முனையில் காளை

அன்று மாதா கோயிலில் எங்கள் தெரு நாட்டாண்மைக்காரர் இருந்தார். அப்பா இருந்தார். பெண்கள் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பீடத்துக்கான வெள்ளிச் சிலுவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அப்பா பேசி அமர்த்திய ஆசாரி வந்திருந்தார். அதை இப்படிச் செய்யச் சொன்ன பங்குச் சாமியார்தான் இல்லை. உடம்பு முடியாமல் சீமைக்குக் கப்பலேறிவிட்டார்.

தண்டு நெடுகத் திராட்சைக் கொடி, நடுவே முள்முடி. நான்கு முனைகளிலும் சுவிசேஷம் எழுதிய நால்வரின் அடையாளங்கள்: மனிதன், சிங்கம், காளை, கழுகு. சாமியார் படம் எதுவும் தரவில்லை, வாயால் சொன்னதுதான். ஆசாரி அதுவரை செய்ததெல்லாம் சாமி வாகனங்களுக்கு வெள்ளித் தகடு. ஆகவே காளை திமிலும் கழுத்துமணியுமாகக் கால் மடக்கிப் படுத்திருந்தது. கழுகு கை கூப்பியிருந்தது.

பேதியில் போன என் தங்கையின் தண்டைகளை அம்மா இந்தச் சிலுவைக்குக் கொடுத்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடி அவற்றைத் தனியாக உருக்கித்தான் காளையை வார்த்திருந்தார் ஆசாரி.

நாட்டாண்மைக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க ஆசாரியாரே, இது நந்திங்களா?"

"காளைன்னாங்க. காளைதானுங்க."

"அப்ப இது மாரியாத்தா சிங்கம். இது பெருமாளு கருடன்." என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் தம்பி, அந்தச் சாமிகளையெல்லாம் உட்டுட்டு வந்தம்னு இருந்தன். வாகனமெல்லாம் பின்னாலயே வந்துருச்சாட்ட இருக்குது."

சிலர் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் வாத்தியாரானவன் நான் ஒருவன்தான். சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுந்து சொன்னேன். சிங்கம் யார், கழுகு யார், பலிக்குரிய காளை ஏன் வந்தது எல்லாம். மரியாதையாகக் கேட்டார்கள்.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும் தம்பி" என்றார் நாட்டாண்மைக்காரர். "திருவிழாவுக்கு வேதத்துல சேராத நம்ம பங்காளிக வருவாங்களே, அவங்களுக்கு ஆரு பாடம் எடுக்கறது? எங்க மாட்டை அவுத்துட்டு வந்துட்டீங்களான்னு கேப்பாங்க. ஆசாரியாரே, நாலு முனையையும் வெட்டீருங்க."

"அது எம்புள்ள தண்டைங்க" என்றாள் அம்மா.

"தெரியும் அம்மிணி. சாமிக்குன்னு குடுத்தது சாமிகிட்டப் போயிருக்கும்."

அப்பா மெல்ல, "அந்தக் காளைய மட்டும் நான் ஊட்டுக்கு எடுத்துக்கறனுங்க" என்றார்.

"கொண்டுபோயி என்ன பண்ணுவ? பொட்டு வெச்சுக் கும்புடுவியா?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவன் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ.

ஆசாரி பையிலிருந்து சிறு ரம்பத்தையும் அரத்தையும் எடுத்தார். "தம்பி, ஆடாமப் புடிச்சுக்குங்க." பிடித்துக்கொண்டேன். வெள்ளிப் பொடி என் விரல்களில் ஒட்டியது.

வெட்டி மழுக்கிய கூலி ஆறு ரூபாய். நான்கு துண்டுகளையும் எடைபோட்டு கூலியில் ஐந்து ரூபாய்க்கு ஈடாக ஆசாரியே எடுத்துக்கொண்டார். ஆசாரியை அமர்த்தியவர் என்பதால் மீதி ஒரு ரூபாயை அப்பா கொடுத்தார்.